வண்டி சரியில்ல

ஞாயிற்றுக்கிழமை காலை காரைச் சுற்றி இருந்தவர்கள்: கையில் சாவியோடு அக்கா. ஏற்கெனவே துடைத்த முன் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான். அக்கா கூப்பிட்டு வந்த, வந்ததிலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்க்காத மெக்கானிக். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டையும் தானே மாட்டிக்கொண்டு, இனி யார் சொன்னாலும் இறங்கப்போவதில்லை என்று உட்கார்ந்திருந்த குட்டி. அக்காவின் ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. கடைசியாக அவன், அக்காவின் தம்பி. முந்தின இரவு ஒரு பொட்டு கண் மூடாதவன். அதில் புதிதாக ஒன்றுமில்லை. சரக்குக் கிடங்கில் வருஷக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்து, ஒரு நாள் பாதி ஷிப்டில் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து வந்தவன். அவன் வேலையை விட்டானே தவிர, வேலையின் நேரம் அவன் உடம்பை விடவில்லை. ஊர் தூங்கும்போது முழித்துக்கொண்டு அக்கா வீட்டு முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். விடிந்தால் கண் எரியும், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அத்தான் அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார். சிரிக்காமல் கூப்பிட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அக்கா மலைக்கு அந்தப் பக்கம் போகிறாள். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை. குட்டி பிறப்பதற்கு முன் அவள் பார்த்த அதே வேலை. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும், தங்க இடம் அவர்களே தருகிறார்கள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வாரக் கடைசியில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வருவாள் என்று அவன் நம்பவில்லை. அத்தானும் நம்பவில்லை என்பது அந்தக் கண்ணாடியை அவர் துடைத்த துடைப்பிலேயே தெரிந்தது.

அத்தான் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. 'போகாதே' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'வண்டி சரியில்ல' என்றுதான் சொல்வார். அது அக்கா தன் பெயரில், பழசில் வாங்கிய கார். குட்டியைவிட வயதில் மூத்தது, நீலம் வெளுத்து எது நிறம் எது அழுக்கு என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. கூடப் படித்தவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள் அக்கா. "ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது, இன்னைக்கு வேணாம்" என்பார். ஏதோ பயிற்சி வகுப்பு என்பாள். "முன்னாடி ஷாக் அப்சார்பர் போயிருச்சு, மெக்கானிக்கே சொன்னான்" என்பார். மெக்கானிக்கும் சொல்வான். தெருமுனையில் ஷெட் வைத்திருப்பவன், அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அத்தான் சொல்லச் சொன்னதை எல்லாம் சொல்வான். பேரிங் போனது, புஷ் தேய்ந்தது, வீல் அலைன்மெண்ட் போனது. இல்லாத வியாதியெல்லாம் அந்தக் காருக்கு வந்து, வந்த வேகத்தில் தானாகவே குணமாகும். ஒரு நாள் அக்கா யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்தின் மறு கோடியில் முன்பின் தெரியாத ஒரு ஷெட்டுக்குப் போனாள். வண்டியைத் தூக்கி, குலுக்கி, தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, தங்கமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தெருமுனை ஷெட்டுக்குப் போய், அங்கே வேலைக்கு நின்றிருந்த நாலு பேர் முன்னால், "அண்ணே, இனிமே என் வண்டி சரியில்லன்னு உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துச்சு, நடக்கறதே வேற" என்றாள். அதிலிருந்து மெக்கானிக் அக்காவைக் கண்டால் நட்டு பொறுக்குவதுபோலக் குனிந்துகொள்வான். அதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. அதற்குள் அந்தக் கார் நிறைய ஓடியிருந்தது.

நேற்று சாயங்காலம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வா என்று அக்கா அவனிடம் சாவியைக் கொடுத்தாள். வீட்டைவிட்டுக் கொஞ்ச நேரம் போனால் போதும் என்று இருந்தவன், பெட்ரோல் பங்க்கையும் தாண்டிப் பெரிய ரோட்டில் ஒரு நீள ஓட்டு ஓட்டினான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி உடனே கேட்கவில்லை. ஒரு விரற்கடை யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. நேர் ரோட்டில் கையைத் தளர்த்தினால் குடித்தவன்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடது பக்கம் உள்ளுக்குள் ஒரு சத்தம், டொக் என்று. இறங்கிப் பார்த்தான். இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழித்து எடுத்ததுபோலத் தேய்ந்திருந்தது. இதே அலைச்சலும் இதே டொக்கும் கிடங்கில் அவன் ஓட்டிய வேனில் இருந்தன. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நுனியில் ஒரு குண்டு மூட்டு இருக்கும். டை ராடு எண்டு என்பார்கள். அது தேய்ந்தால் முதலில் ஆடும், பிறகு சத்தம் போடும், பிறகு ஒரு நாள் கழன்றுவிடும். அந்த வேனுக்கு அது கிடங்கு வளாகத்துக்குள்ளேயே கழன்றது, நடக்கிற வேகத்தில். ஒரு சக்கரம் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிபோல. எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் அது கழன்றால் சிரிக்க ஆள் இருக்காது.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராத்திரி முழுக்க நடந்தான். அக்கா போய்விட்டால் இந்த வீட்டில் அவனுக்கு ஒரு வேளைச் சோறுகூடக் கிடையாது. அத்தான் வெளியே போ என்று சொல்லமாட்டார், சொல்லாமலே போகவைப்பார். ஆக அக்கா போகாமலிருந்தால் லாபம் அவனுக்குத்தான். அப்படியிருக்க, அந்தச் சத்தத்தை அவன் கேட்டானா, இல்லை கேட்க வேண்டும் என்று இருந்து கேட்டானா? விடிவதற்குள் அந்த டொக் அவன் மண்டைக்குள் பலமுறை அடித்துவிட்டது. எது நிஜமாகக் காதில் விழுந்தது, எது பிறகு சேர்ந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கோழைத்தனம் என்று ஒன்று இருக்கிறதே, அது பெரும்பாலும் இப்படித்தான் நியாயம் பேசிக்கொண்டு வரும்.

"அண்ணே, ஒரு தடவை பாத்துருங்க. மலையேறணும்" என்றாள் அக்கா.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தான். சக்கரத்தைச் செருப்புக் காலால் இரண்டு தட்டுத் தட்டினான். குனியவில்லை. "அருமையா இருக்கு தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

"நான் கண்ணைத் திறந்துகிட்டே போறேன்."

மெக்கானிக் சிரிக்கலாமா கூடாதா என்று அத்தானைப் பார்த்தான். அத்தான் துணியை உதறினார். "வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போகட்டும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. அந்த வீட்டில் அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. அக்காகூட ஒரு நொடி திகைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார். தோற்றுப்போன மனுஷன் கொஞ்சம் கௌரவமாகத் தோற்கலாம் என்று முடிவு செய்தமாதிரி நிமிர்ந்து நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது, அது நிச்சயம். தெரிந்திருந்தால் இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பார்.

அவன் கால் தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான். "வண்டி சரியில்ல."

மெக்கானிக் இரண்டடி பின்னால் போனான், வெடி கொளுத்தப்பட்ட இடத்திலிருந்து விலகுவதுபோல. அத்தான் முகத்தில் நிஜமான ஆச்சரியம். அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"அதைச் சொல்ல இந்த வீட்ல ஒரு ஆள் பத்தாதா?"

"நேத்து ஓட்டினேன். இடது பக்கம்..."

"நேத்து ஓட்டினவன் நேத்து ராத்திரி வாயில என்ன வச்சிருந்த?"

அவன் இடது சக்கரத்தைப் பார்த்தான்.

"நான் போயிட்டா உனக்குச் சோறு போட ஆளில்ல. அதானே?"

"அதுவும்தான்," என்றான். "அதுக்காகச் சொல்லல. ஆனா அதுவும்தான்."

அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். வேலையில் இருந்த காலத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை இப்படித்தான் பார்த்திருப்பாள், பலகையில் எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று சொல்கிறவர்களை. அவன் பார்வையை விலக்கவில்லை. "என்னை நம்பாதே. யாரையும் நம்பாதே. கீழ படுத்துக் கையை வச்சுப் பாரு. ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டீயரிங்கை லேசா ஆட்டணும். முழுசாத் திருப்பக் கூடாது. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். கீழ கை வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்."

"நான் ஆட்டுறேன்" என்று அத்தான் கதவுப் பக்கம் வந்தார்.

"வேணாம்."

"தங்கச்சி, நான் வேணா..."

"நீங்க தள்ளியே நில்லுங்கண்ணே." தம்பியையும் அவள் கேட்கவில்லை. குனிந்து கார் ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "குட்டி, அந்த சீட்டுக்கு நகரு. அம்மா சொல்றப்ப இதை ஆட்டணும். ஹாரன் அடிச்சே, கொன்னுருவேன்."

குட்டி இதற்காகவே பிறந்தவள்போல பெல்ட்டைக் கழற்றி நகர்ந்தாள். அக்கா சாவியைப் போட்டு, இஞ்சினைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கின் பூட்டை மட்டும் விடுவித்தாள். பிறகு, வேலைக்கென்று தைத்து நேற்றே தேய்த்து வைத்திருந்த வெளிர்நிறச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்குக் கீழே தோள்வரை போனாள்.

"முதல்ல வலது பக்கம் பாரு. அது நல்லா இருக்கும்" என்று அவன் குந்தி உட்கார்ந்தான். "சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு கம்பி வருதா? அது நுனியில சின்ன ரப்பர் தொப்பி மாதிரி இருக்கும். அதைச் சுத்திக் கையை வை."

"வச்சாச்சு. குட்டி, ஆட்டு."

உள்ளே குட்டி ஆட்டினாள், நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு.

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கு" என்றது கீழேயிருந்து வந்த குரல். அதில் லேசாக ஒரு வெற்றி இருந்தது.

"இப்ப இடது பக்கம் வா."

அக்கா வெளியே வந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்து, சுற்றி நடந்து போய்த் திரும்பவும் படுத்தாள். அவன் மறுபக்கம் போய்க் குந்தினான். மூட்டு கல்மாதிரி இருந்துவிட்டால்? ராத்திரி முழுக்க அடித்த டொக் தன் மண்டைக்குள் மட்டும் இருந்தது என்றால்? ஒரு கணம், வெட்கமே இல்லாமல், அந்த மூட்டு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"ரப்பர் கிழிஞ்சிருக்கு" என்றாள் அக்கா. பிறகு, "குட்டி, ஆட்டு."

வெளியே நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பாதத்தின் விரல்கள் சட்டென்று மடங்கின.

"இன்னொரு தடவை."

குட்டி ஆட்டினாள்.

"இன்னொரு தடவை."

"அம்மா, போதுமா?"

"இன்னும் ஆட்டு."

அவன் எழுந்து நின்றான். அக்கா சோதித்துக்கொண்டிருக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. முதல் தடவையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வெளியே வர விரும்பவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்தால் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வந்தாள். கன்னத்தில் கிரீஸ், சட்டையின் முதுகு முழுக்க மண். "டொக்குங்குது" என்றாள், ஒரே ஒரு வார்த்தை. மெக்கானிக் இப்போது யாரும் சொல்லாமலே கீழே போய்ப் பார்த்துவிட்டு, வெளிறிப்போய் வந்தான். "தங்கச்சி, இத்தனை நாள்ல இதை மட்டும் நான் சொன்னதே இல்லையே" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கிறானா, வருத்தப்படுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குக் கடை இல்லை, நாளைக்குக் கடை திறந்ததும் சாமான் வாங்கி மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம், அதுவரை தெருமுனைக்குக்கூட இதை எடுக்க வேண்டாம் என்றான்.

அத்தான் முகத்தில் வெளிச்சம் வந்ததை அவராலேயே மறைக்க முடியவில்லை. மறைக்கப் பார்த்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "அதுக்கு என்ன பண்றது? ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிரு. வண்டி இப்படின்னா அவங்களுக்குப் புரியாதா? ஒரு நாள்தானே. ஒரு வாரம்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. உள்ள வா, முகத்தைக் கழுவு."

அக்கா டிக்கியைத் திறந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் சின்னதாக ஒன்றை வெளியே எடுத்து வைத்து, மூடினாள். வாசல் குழாயில் கையைக் கழுவினாள். "மலை பஸ் பெரிய ரோட்லதானே நிக்கும்?" என்று தம்பியைக் கேட்டாள்.

அத்தான் துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். அவிழ்த்தார். திரும்பச் சுற்றினார்.

"அந்த ரூட்ல ஓடுற பஸ்ஸெல்லாம் பழசு" என்றார்.

அக்கா கையைக் கழுவுவதை நிறுத்தவில்லை. கிரீஸ் எப்போதோ போய்விட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரேக் ஒழுங்கா இருக்காது" என்றார்.

அவனுக்கு அத்தானைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. சொல்லித் தொலையுங்களேன். போகாதே என்று, எனக்குப் பயமாக இருக்கிறது என்று, இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன் என்று. அக்கா அதற்காகத்தான் நிற்கிறாள். கேட்டுவிட்டு இருப்பாளா போவாளா என்பது வேறு விஷயம். அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். குழாயைக் காட்டி, "தண்ணி வீணாப் போகுது" என்றார்.

அக்கா குழாயை மூடினாள். சட்டையை மாற்றவில்லை.

முன் சீட்டிலிருந்து குட்டியை இறக்குவதற்குள் தெருவே எட்டிப் பார்த்துவிட்டது. "பஸ்ல நான் ஆட்ட முடியாதே" என்று பெரிய ரோடு வரை அழுதாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். மலை பஸ் வர நேரமாயிற்று. அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல நீ" என்றாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்." குட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆனா நீ நேத்தே சொன்னேன்னாவது இருந்திருக்கும்" என்றாள்.

பஸ் வந்து நின்றபோது அவள் கார்ச் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி பண்ணி நீயே ஓட்டிக்கிட்டு வா. யார் கையிலயும் குடுத்துராதே. அவர் கையில போச்சுன்னா வண்டி அங்கேயே நிக்கும். அதை எடுக்க நான் வருவேன். வந்தேன்னா, நானும் அங்கேயே நிப்பேன்."

"ஓட்டிக்கிட்டு வந்தா அங்க எனக்கு இடம் இருக்குமா?"

"ஒரே ரூமாம்." படியில் ஏறி, குட்டியை முன்னால் தள்ளினாள். "வெளிய வராண்டா கிராண்டா இருக்கான்னு பாக்கறேன். போ, போய்த் தூங்கு. மூஞ்சியைப் பாரு."

"மாமா, நீ ஹாரன் அடிச்சிட்டே வா" என்றாள் குட்டி ஜன்னலிலிருந்து. பஸ் பழசாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது அத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டு வைத்திருந்தார். அவன் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தான் அவனுக்குத் தட்டு வைத்து அவன் பார்த்ததில்லை.

"பஸ்ல இடம் கிடைச்சுதா?"

"ஜன்னலோரம் கிடைச்சுது."

"ம்." தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "ஒரு பேச்சுக்காவது அவளை நான் தடுத்திருக்கேனாடா? நீயே சொல்லு."

"இல்ல அத்தான்."

"அப்புறம்?"

"அதான் அத்தான்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "சாவியைக் குடுத்துட்டுச் சாப்பிடு" என்றார் பிறகு, மிருதுவாக. "வண்டியை நான் பாத்துக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்ல. வண்டி இங்க இருந்தா அவ வருவா. நீ பாட்டுக்கு இரு. வேலை கிடைக்கலன்னா என்ன இப்ப? எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. யார் கேக்கப் போறா?"

இப்படி ஒரு வார்த்தைக்காக அவன் மாதக்கணக்கில் காத்திருந்தான். இப்போது வந்திருக்கிறது, சோறும் குழம்புமாக, சுடச்சுட. முன்னறையில் அவன் பாய் விரித்தபடியே கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் மணல் அறைந்ததுபோல எரிந்தது. பகல் முழுக்க அடித்துப்போட்டதுபோலத் தூங்கலாம். சாவியைக் கொடுப்பதற்கு ஒரு கை நீட்டல்தான். கை சட்டைப்பைக்குள் போய்விட்டது, சாவியைத் தொட்டும்விட்டது. அதை வெளியே எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அத்தான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது.

"நாளைக்குக் காலைல கடை திறந்துருவான் அத்தான்" என்றான்.

முன்னறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினான். துணிப்பை சின்னது, நிரம்ப நேரமே ஆகவில்லை. தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தபோது அத்தான் எச்சில் கையோடு நிலைப்படியில் நின்றிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் அது ஏறவில்லை.

"தலையணை இந்த வீட்டுது" என்றார்.

அவன் தலையணையை நாற்காலியில் வைத்தான். பாயும் அந்த வீட்டுடையதுதான் என்பது நினைவுக்கு வந்து அதையும் சுவரில் சாய்த்து வைத்தான். பையோடு அவரைக் கடந்து வாசலுக்கு இறங்கினான். நல்ல வெயில். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, பட்டப்பகலில் யாரும் பூட்டிப் பார்த்திராத அந்தக் கதவின் பூட்டுக்குள் சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு சுற்று.